சிஸ்எக்ஸ் செய்தியைப் புரோகிராமுக்குள் எப்படி வைப்பது: தலவாக்கலைத் தம்பிக்கு ஒரு பதில்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். திருவிழா, கல்யாணம் என்று வாசிக்கப் போகும் தங்கள் இசைக்குழுவுக்காக, கீபோர்டின் செட்டிங் எல்லாவற்றையும் கணினியில் எடுத்து வைத்து வேண்டும்போது திரும்பப் போடுகிற ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறாராம். கீபோர்டும் கணினியும் எண்களாகப் பேசிக்கொள்கிற முறைதான் மிடி. நோட் ஆன், நோட் ஆஃப், கண்ட்ரோல் சேஞ்ச் என்று ஒவ்வொரு மிடி செய்திக்கும் ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமுக்குள் அதற்கென்று ஒரு வடிவம், எழுதி முடித்துவிட்டார். கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் கருவிக்கென்றே வைத்திருக்கிற சிஸ்டம் எக்ஸ்குளூசிவ், அதாவது சிஸ்எக்ஸ் செய்தி வந்ததும் வேலை நின்றுவிட்டது. ஒன்று 6 பைட், இன்னொன்று 4000 பைட். கம்பெனிக்குக் கம்பெனி வேறு, மாடலுக்கு மாடல் வேறு. கம்பெனிக்கு ஒரு கிளாஸா, மாடலுக்கு ஒன்றா, இல்லை வெறும் பைட் வரிசையாகவே விட்டுவிடுவதா என்பது அவர் கேள்வி.

தம்பி, நீங்கள் கிளாஸைப் பற்றிக் கேட்டாலும், உண்மையில் கேட்பது வேறு ஒன்று என்று எனக்குப் படுகிறது. தனக்கு அர்த்தம் தெரியாத ஒரு செய்தியை ஒரு புரோகிராம் எப்படிக் கையாள வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கிளாஸ் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

நான் பண்டாரவளையில் கீபோர்டும் அம்ப்ளிபயரும் பழுதுபார்க்கிறவன். 20 வருடத்துக்கு மேலாக அதே மேசை. பழுது பார்க்கத் தேவைப்பட்டதால்தான் மிடி புரோகிராம் எழுதப் பழகினேன், அப்புறம் அதுவே பாதி வேலையாகிவிட்டது. என் கைக்கு அதிகம் வந்தவை ரோலண்ட், யமஹா இரண்டும்தான்; ஆகவே உதாரணங்கள் அவற்றில் இருந்தே வரும். வேறு கம்பெனியின் கீபோர்ட் உங்களிடம் இருந்தால், கீழே நான் சொல்லும் பொது விதிகள் அப்படியே பொருந்தும். உள்விவரத்துக்கு அந்தக் கீபோர்டின் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் உறுதியான விஷயங்கள். 1983இல் வெளிவந்த மிடி விதிமுறையில் இருந்து இவற்றின் அடிப்படை மாறவில்லை. 128க்குக் குறைந்த பைட் தரவு. 128உம் அதற்கு மேலும் என்றால் அது ஒரு செய்தியின் தலை. சிஸ்எக்ஸ் 240இல் தொடங்கி 247இல் முடியும். நடுவில் வருகிற அதன் தரவு எல்லாம் 0இல் இருந்து 127க்குள் இருக்க வேண்டும். 240க்கு அடுத்த பைட் யாருடைய செய்தி என்று சொல்லும்: 65 என்றால் ரோலண்ட், 66 கோர்க், 67 யமஹா, 68 கேசியோ. அந்த இடத்தில் 0 இருந்தால் கம்பெனியின் எண் அடுத்த இரண்டு பைட்டையும் சேர்த்து மூன்று பைட். அதற்கு மேல் என்ன வரும் என்று மிடி விதிமுறை எதுவுமே சொல்லாது. நீளம் எவ்வளவு என்றுகூட முன்கூட்டிச் சொல்ல அதில் இடமில்லை. 247 வரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். (கையேட்டில் இந்த எண்கள் பதினறுமத்தில், அதாவது 16ஐ அடியாகக் கொண்டு, இருக்கும். உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். இங்கே எல்லாவற்றையும் தசமத்தில் தருகிறேன்.)

நம்முடைய தோட்டங்களுக்குக் கடிதம் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், ஆளின் பெயர், அவ்வளவுதான். தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ கொடுத்தனுப்பி, லயத்துக்கு வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் பரீட்சை முடிந்து நான்கு நாள் கழித்துக் கைக்கு வந்த வீட்டில் பிறந்தவன் நான். என் அக்காவுக்கு அப்படி நடந்தது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடிதம் கொண்டுவருகிறவருக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியத் தேவையில்லை. மேலே உள்ள பெயரைப் படித்து, உரியவர் கையில் முழுசாகக் கொடுத்தால் போதும். தனக்குத் தெரியாத பெயர் என்பதற்காகத் தூக்கிப் போடக் கூடாது, பிரித்துத் திருப்பி ஒட்டவும் கூடாது. சிஸ்எக்ஸும் இப்படித்தான். கம்பெனி எண், டிவைஸ் எண், மாடல் எண் எல்லாம் உறைக்கு மேலே இருக்கிற முகவரி.

ஆகவே என் பதில்: சிஸ்எக்ஸுக்கு ஒரே ஒரு கிளாஸ் போதும். அதற்குள் வந்த பைட்டுகள் வந்தபடியே, 240இல் இருந்து 247 வரை ஒன்றும் விடாமல் இருக்கட்டும். கூடவே வந்த நேரம், வந்த போர்ட். ஒரு முறை உருவான பிறகு உள்ளே யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். மாற்றம் வேண்டும் என்றால் புதிய செய்தி ஒன்றை உருவாக்க வேண்டும், பழையதைத் திருத்தக் கூடாது. கம்பெனி எண் என்ன என்று கேட்டால் அந்தக் கிளாஸ் பைட்டைப் பார்த்துச் சொல்லட்டும், தனியாக எடுத்து வேறு இடத்தில் சேமிக்க வேண்டாம். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைத்தால் என்றைக்காவது ஒரு நாள் இரண்டும் இரண்டு விதமாகப் பேசும்.

கம்பெனிக்கு ஒரு கிளாஸ் ஏன் சரிவராது என்றால், ஒரே கம்பெனியின் இரண்டு கீபோர்டுகளுக்குள் பொதுவாக இருப்பது ரொம்பக் குறைவு. யமஹாவின் பழைய டிஎக்ஸ்7 செய்தியையும் பிறகு வந்த எக்ஸ்ஜி கீபோர்டுகளின் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 67 என்ற எண்ணையும் அதற்கடுத்த பைட்டின் பொது அமைப்பையும் தாண்டினால் இரண்டும் வேறு வேறு உலகம். மாடலுக்கு ஒரு கிளாஸ் என்றால் ஆயிரம் கிளாஸ் எழுத வேண்டும், அதற்குப் பிறகும் ஆயிரத்தோராவது மாடல் வந்து நிற்கும். அந்த நேரம் உங்கள் புரோகிராம் செய்தியைத் தூக்கி எறியும். பரம்பரை வரிசை போட்டுக் கிளாஸ் கட்டினவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து முட்டுகிற சுவர் இதுதான்.

அப்படியானால் அர்த்தம் எங்கே? அதை ஒரு தனி அடுக்கில் வையுங்கள். நான் அதை மொழிபெயர்ப்பாளர் என்று சொல்வேன். ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர். கம்பெனி எண்ணையும் மாடல் எண்ணையும் பார்த்து ஒரு பதிவேட்டில் இருந்து அவரைக் கூப்பிட வேண்டும். அவர் பைட்டைப் படித்து, இது எதிரொலியின் அளவு, இது 3ஆம் சேனலின் ஒலி என்று சொல்வார். தெரியாவிட்டால் தெரியாது என்பார். தெரியாது என்பது பிழை அல்ல, ஒரு சரியான விடை. அப்படி வந்தால் புரோகிராம் செய்தியை அப்படியே சேமித்து, கேட்கும்போது அப்படியே அனுப்ப வேண்டும். நாளைக்கு உங்கள் குழுவுக்குப் புதுக் கீபோர்ட் வாங்கினால் ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டும் கூடும். அடியில் இருக்கிற கிளாஸ் அசையாது.

கிட்ட வைத்துப் பார்க்க ஒன்று. ரோலண்டின் ஜிஎஸ் வகைக் கருவிகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிற செய்தி இது: 240, 65, 16, 66, 18, 64, 0, 127, 0, 65, 247. மொத்தம் 11 பைட். 240 தொடக்கம். 65 ரோலண்ட். 16 டிவைஸ் எண்; இது கருவியின் திரையில் 17 என்று தெரியும், ஏனென்றால் திரையில் 1இல் இருந்து எண்ணுகிறார்கள், கம்பியில் 0இல் இருந்து. 66 ஜிஎஸ் என்ற மாடல் எண். 18 என்றால் இந்தா, தரவு; அதே இடத்தில் 17 இருந்தால் உன்னிடம் உள்ள தரவைக் கொடு. பிறகு 64, 0, 127 மூன்றும் நினைவக முகவரி. அடுத்த 0தான் அந்த முகவரியில் எழுத வேண்டிய மதிப்பு. அதற்கடுத்த 65 சரிபார்ப்பு எண், பைட்டுகள் பிழையில்லாமல் வந்தனவா என்று பார்க்க; 247 முடிவு. முன்னால் ஒரு 65, பின்னால் ஒரு 65. முதலாவது கம்பெனி, மற்றது கணக்கில் தற்செயலாக வந்தது. இதைப் பார்த்துக் கடைசியில் கம்பெனி எண்ணைத் திரும்பப் போட வேண்டும் என்று நினைத்து எழுதின புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு செய்திக்கு மட்டும் அது சரியாக வேலை செய்யும், அதனால்தான் பிழை கண்ணில் படாது.

கணக்கு இப்படி: முகவரியையும் தரவையும் கூட்டுங்கள். 64, 0, 127, 0 சேர்ந்தால் 191. அதை 128ஆல் வகுத்தால் மீதி 63. 128இல் இருந்து 63ஐக் கழித்தால் 65. மீதி 0 ஆக வந்தால் மட்டும் கவனம்: 128இல் இருந்து 0ஐக் கழித்து 128 என்று போட்டுவிட்டால் அது தரவு பைட்டே இல்லை, செய்தி அங்கேயே அறுந்துவிடும். அந்த இடத்தில் 0தான் வர வேண்டும். 128 தடவைக்கு ஒரு தடவை போல வருகிற பிழை இது. வீட்டில் சோதிக்கும்போது வராது, மேடையில் வரும்.

முகவரியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டும் 127ஐத் தாண்ட முடியாது என்பதால் 64, 0, 127க்கு அடுத்த முகவரி 64, 1, 0. சாதாரணமாக ஒன்றைக் கூட்டினால் 64, 0, 128 என்று வந்து கெட்டுவிடும். முகவரிக்கு என்று சின்னதாக ஒரு கிளாஸ் எழுதி, 128ஐ அடியாகக் கொண்டு கூட்டுவதை அதற்குள் அடக்கிவிடுங்கள். பைட்டின் எண்ணிக்கையை மூன்று என்று மட்டும் கட்டிவிடாதீர்கள். சில ரோலண்ட் மாடல்களில் முகவரி 4 பைட், மாடல் எண்ணும் ஒரு பைட்டுக்கு மேல் போகும். இதெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் வேலை. அடியில் உள்ள சிஸ்எக்ஸ் கிளாஸுக்கு முகவரி என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது.

இப்போது வருகிற பக்கம். நான் அதிகம் அடிபட்ட இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஹட்டன் பக்கத்து இசைக்குழு ஒன்றின் கீபோர்ட் கலைஞர் தன் டிஎக்ஸ்7ஐக் கொண்டுவந்தார். உள்ளே நினைவகத்தைத் தாங்குகிற பாட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றினால் உள்ளே இருக்கிற 32 ஒலிகளும் போய்விடும், அதனால் முதலில் அவற்றை சிஸ்எக்ஸாகக் கணினிக்கு எடுக்க வேண்டும். அந்த டம்ப், அதாவது 32 ஒலிகளையும் மொத்தமாகக் கொட்டுகிற செய்தி, எப்போதும் 4104 பைட். தலை 6, ஒலிக்கு 128 வீதம் 4096, சரிபார்ப்பு 1, முடிவு 1. மிடி கம்பியில் வினாடிக்கு 3125 பைட் போகும், ஆக ஒன்றே கால் வினாடிக்குச் சற்று மேல். 240 வந்ததும் 4104 பைட் வாங்கிக் கோப்பில் எழுது என்று என் புரோகிராமை எழுதியிருந்தேன். கோப்பு சரியாக 4104 பைட் இருந்தது. திருப்தியாகப் பாட்டரியைக் கழற்றினேன்.

புதுப் பாட்டரி போட்டுத் திரும்ப அனுப்பினால் கீபோர்ட் வாங்கவில்லை. கோப்பைத் திறந்து ஒலிகளின் பெயரைப் பார்த்தேன். ஒவ்வொரு ஒலியின் 128 பைட்டில் கடைசி 10 பைட்டும் அதன் பெயர். முதல் ஒலியின் பெயர் இரண்டு எழுத்து தள்ளி நின்றது. இரண்டாவது நான்கு எழுத்து, மூன்றாவது ஆறு. ஐந்தாவதில் இருந்து பெயரே அந்த இடத்தில் இல்லை. ஒவ்வொரு பைட்டாகப் பார்த்தபோதுதான் நடு நடுவே 248 என்ற எண் கிடந்தது தெரிந்தது. மேசையில் இருந்த ரிதம் பெட்டி ஒன்று, இரண்டு மிடி கம்பியை ஒன்றாக்குகிற அதே மெர்ஜ் பெட்டியில் சொருகியிருந்தது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் அதன் கிளாக் ஓடிக்கொண்டிருந்தது. கிளாக் என்பது தாளம் பிசகாமல் இருக்க அனுப்புகிற 248 என்ற பைட். ஒரு தாள அடிக்கு 24, அப்படியானால் 120 வேகத்தில் வினாடிக்கு 48. 248இல் இருந்து 255 வரையுள்ள உடனடிச் செய்திகள் சிஸ்எக்ஸின் நடுவிலும் வரலாம் என்று மிடி விதியே அனுமதிக்கிறது. நான் அதைத் தரவாக எண்ணிவிட்டேன். 63 கிளாக் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, உண்மையான பைட் 63 வெளியே நின்றுவிட்டது.

248ஐ எல்லாம் நீக்கிப் பார்த்தால் 31 ஒலிகள் முழுசாக இருந்தன. 32ஆவதில் 67 பைட் மட்டும். ஒலியை உண்டாக்குகிற அதன் ஆறு ஆபரேட்டர்களில் மூன்று முழுசாகவும் நான்காவது ஒரு பைட் குறைவாகவும் இருந்தது, மற்றது இல்லை. அந்த 32ஆவது, அவர் தன் மாமாவின் நாதஸ்வரத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கேட்டு ஒரு மாரியம்மன் திருவிழாவுக்காகத் தானே செய்த ஒலி. மாமா அதற்குள் இறந்துவிட்டார். பழைய கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்டு, எஞ்சியிருந்த 67 பைட்டில் இருந்து இருவரும் நான்கு இரவு உட்கார்ந்து திரும்பக் கட்டினோம். கிட்டத்தட்ட வந்தது. முன்பு இருந்த மாதிரி இல்லை என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்வார், அது சரிதான்.

அதனால் வருகிற பைட்டைச் சேர்க்கிற பகுதியை நீளத்தை நம்பி எழுதாதீர்கள். நிலையை நம்பி எழுதுங்கள். உள்ளே இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று இரண்டே நிலை. 240 வந்தால் உள்ளே. 128க்குக் குறைந்தது வந்தால் சேர்த்துக்கொள். 248உம் அதற்கு மேலும் வந்தால் அதைத் தனி வழியில் அனுப்பிவிட்டு, எதுவும் நடக்காதது போல உள்ளேயே இரு. 247 வந்தால் செய்தி முழுமை, வெளியே வா. வேறு எந்தத் தலை பைட் வந்தாலும், இன்னொரு 240 வந்தாலும், செய்தி பாதியில் அறுந்தது என்று அர்த்தம். அறுந்ததை முழுமையானது போல வைக்காமல், அறுந்தது என்று குறிபோட்டு வையுங்கள். புதிதாக வந்த பைட்டை அடுத்த செய்தியின் தலையாக எடுங்கள். நடுவில் யாராவது கம்பியைப் பிடுங்கினால் 247 வரவே வராது, ஆகவே கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால் கைவிடுகிற கணக்கும் வேண்டும். நீளத்தைக் கடைசியில் ஒரு சோதனையாக மட்டும் பாருங்கள். 4104 வர வேண்டிய இடத்தில் 4104 வந்து, முடிவு பைட் 247ஆக இருந்து, சரிபார்ப்பு எண்ணும் ஒத்துவந்தால்தான் பாட்டரியைத் தொடலாம்.

கோப்புக்குப் போவோம். மிடி கோப்பில் சிஸ்எக்ஸ் கம்பியில் வருகிற மாதிரியே இருக்காது. 240 எழுதி, உடனே நீளம் எழுத வேண்டும், பிறகு மிச்ச பைட்டுகள். நீளத்தில் 240 சேராது, கடைசி 247 சேரும். மேலே காட்டின 11 பைட் செய்திக்கு நீளம் 10. அந்த நீளம் பைட்டுக்கு 7 பிட் வீதம் எழுதப்படும், தொடர்ச்சி இருந்தால் மேல் பிட் 1. டிஎக்ஸ்7 டம்புக்கு நீளம் 4103, அது 160, 7 என்று இரண்டு பைட்டாக விழும். இன்னொன்று, கோப்பில் ஒரு நிகழ்வு 247இல் தொடங்கவும் செய்யும்: பெரிய சிஸ்எக்ஸைத் துண்டு துண்டாக நேரம் விட்டு அனுப்பும்போது அடுத்தடுத்த துண்டுகள் அப்படி வரும். 255க்கும் இரண்டு வாழ்க்கை: கம்பியில் அது ரீசெட், கோப்பில் அது பாட்டின் பெயர், வேகம் போன்ற மெட்டா தகவலின் தலை. கோப்பின் உலகத்தையும் கம்பியின் உலகத்தையும் ஒரே பட்டியலில் வைத்தால் மெட்டா தகவல் ஒன்று கீபோர்டுக்கு ரீசெட்டாகப் போய்ச் சேரும். இரண்டையும் பிரித்து, நடுவே மாற்றுகிற பகுதி ஒன்று எழுதுங்கள்.

புரோகிராம் நூலகங்களும், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்தப் பகுதிகளும், ஆளுக்கொரு வழக்கம் வைத்திருக்கின்றன. ஜாவாவின் சிஸ்எக்ஸ் கிளாஸில் தரவை மட்டும் கேட்டால் 240 இல்லாமல், 247உடன் தரும். முழுச் செய்தியைக் கேட்டால் இரண்டும் இருக்கும். போதாததற்கு ஜாவாவின் பைட் குறியுள்ளது, 240 என்பது அங்கே மைனஸ் 16 என்று தெரியும். பைதானின் மிடோவில் தரவு என்றால் 240உம் இல்லை, 247உம் இல்லை. ஆர்டிமிடி நூலகத்தைப் பயன்படுத்தினால் சிஸ்எக்ஸை ஆரம்பத்திலேயே வடிகட்டி வைத்திருக்கும், நாம்தான் திறந்துவிட வேண்டும். கீபோர்ட் அனுப்புகிறது, ஒன்றுமே வரவில்லையே என்று இரண்டு நாள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். பிரவுசரில் எழுதுவதானால் சிஸ்எக்ஸுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இந்த வித்தியாசம் எல்லாம் புரோகிராமின் வாசலிலேயே தீர்ந்துவிட வேண்டும். உள்ளே வந்த பிறகு ஒரே வழக்கம்: 240இல் தொடங்கும், 247இல் முடியும்.

அடுத்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத விஷயங்கள். செய்திக்குச் செய்தி எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஜிஎஸ் ரீசெட்டுக்குப் பிறகு ஏறக்குறைய 50 மில்லிவினாடி என்று கையேட்டில் இருக்கும். பழைய கருவிகளுக்கு அதைவிடக் கூட விட்டுப் பழகியிருக்கிறேன், அது என் அனுபவம் மட்டும்தான். இந்த இடைவெளியைச் செய்தியின் கிளாஸில் வைக்காதீர்கள், அந்தக் கருவியின் விவரக்குறிப்பில் வையுங்கள். அதே செய்தி வேறு கீபோர்டுக்குப் போகும்போது வேறு இடைவெளி வேண்டியிருக்கும். மலிவான யுஎஸ்பி மிடி கேபிள்களில் சில, சிறிய செய்திகளை ஒழுங்காகக் கொண்டுபோய் நீளமான சிஸ்எக்ஸை மட்டும் அறுத்துவிடும். எது அறுக்கும் என்று வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. ஒரே டம்பை மூன்று தடவை எடுத்து, மூன்றும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று பார்ப்பதுதான் நான் செய்கிற சோதனை.

எல்லாக் கருவிக்கும் பொதுவான சிஸ்எக்ஸும் இருக்கிறது. கம்பெனி எண் இடத்தில் 126 அல்லது 127 இருந்தால் அது பொதுச் செய்தி, அதன் உள்ளமைப்பு விதிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கும். இவற்றுக்கு நீங்கள் முழு அர்த்தத்தோடு மொழிபெயர்ப்பாளர் எழுதலாம், ஒரு முறை எழுதினால் போதும். உங்கள் குழுவில் நாதஸ்வரம் சேர்ந்து வாசிப்பதாகச் சொன்னீர்கள். பன்னிரண்டு சுரங்களையும் தனித்தனியாகச் சற்று ஏற்றி இறக்குகிற பொதுச் செய்தி ஒன்று இருக்கிறது, 21 பைட்தான். சுரத்துக்கு ஒரு பைட், 64 என்றால் மாற்றமில்லை, ஒவ்வொரு எண்ணும் ஒரு சென்ட், அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. ஆனால் எல்லாக் கீபோர்டும் அதைக் கேட்காது. உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மிடி இம்ப்ளிமென்டேஷன் என்ற பகுதியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

யுஎஸ்பியில் சிஸ்எக்ஸ் மூன்று மூன்று பைட்டாக நறுக்கிப் போகும். 2020இல் வந்த மிடி 2.0இன் பொட்டலத்தில் ஆறு ஆறு பைட்டாகப் போகும். அதையெல்லாம் பார்த்து உங்கள் உள்வடிவத்தை மாற்ற வேண்டாம். நறுக்குவதும் சேர்ப்பதும் வாசலில் நடக்கிற வேலை.

ஒரு எச்சரிக்கை. சில கருவிகளின் உள் மென்பொருளை மாற்றுவதே சிஸ்எக்ஸ் வழியாகத்தான். ஆகவே அர்த்தம் தெரியாத செய்தியைச் சேமிப்பது கடமை, ஆனால் அதைத் தானாக வேறு ஒரு கருவிக்கு அனுப்புவது ஆபத்து. எந்தக் கருவியில் இருந்து வந்ததோ அதே மாடலுக்கு மட்டும், அதுவும் ஆளிடம் கேட்டுவிட்டு அனுப்பும்படி எழுதுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், இன்றைக்கு ராத்திரியே இதை அனுப்பிப் பாருங்கள்: 240, 126, 127, 6, 1, 247. நீ யார் என்று கேட்கிற பொதுச் செய்தி. கீபோர்டுக்கு இது தெரிந்திருந்தால் 15 பைட்டிலோ 17 பைட்டிலோ பதில் வரும். கம்பெனி எண் ஒரு பைட்டா மூன்று பைட்டா என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம். பதிலின் ஆறாவது பைட்டில் தொடங்குவது கம்பெனி எண், அடுத்த இரண்டு கருவிக் குடும்பம், அதற்கடுத்த இரண்டு அந்தக் குடும்பத்தில் எந்த மாடல் என்பது, பிறகு நான்கு பைட் மென்பொருள் பதிப்பு. சில பழைய கீபோர்டுகள் பதிலே சொல்லாது, அதற்காகக் கீபோர்ட் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வந்த பைட்டை உங்கள் கிளாஸில் போட்டு, கோப்பில் எழுதி, கோப்பில் இருந்து படித்து, முதலில் வந்ததோடு ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் மேலே போகாதீர்கள். ரிதம் பெட்டியின் கிளாக்கை ஓடவிட்டுக்கொண்டு இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டு தடவையும் வந்த எண்களை இங்கே போட்டால், உங்கள் கீபோர்டுக்கு மொழிபெயர்ப்பாளரை எங்கிருந்து எழுதத் தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.